உரமாகும் கழிவு: ஊரில் வீடு கட்டுவோரின் கவனத்திற்கு

பிழைப்பைத் தேடி மும்பை, புனே, பெங்களூரு, டில்லி என்று பல நகரங்களில் குடியேறி வாழும் நம்மில் அநேகருக்கு, சொந்த ஊரில் ஒரு வீடு கட்டவேண்டும் என்பது நீண்ட நாள் வாஞ்சை. சீட்டுப் பணம் எடுத்தும், போனஸ் தொகையைச் சேர்த்து வைத்தும், வங்கியில் கடன் பெற்றும் அந்த வாஞ்சையை நிறைவேற்றுகிறோம். சமையலறை எங்கே அமையவேண்டும், தரைக்கு எந்த ஓடு பதிக்கவேண்டும், மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று குடும்பமாக உட்கார்ந்து பல நாட்கள் யோசிக்கிறோம். கழிப்பறையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. "ஒரு செப்டிக் டேங்க் போட்டுவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் தொலைபேசியில் சொல்வதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தத் தொட்டி நிறைந்தால் அதை யார் திறப்பார்? அதில் உள்ளது எங்கே போய்ச் சேரும்? அது போய்ச் சேரும் இடத்தில் குடியிருப்போருக்கு என்ன நேரும்? வீடு கட்டி முடிந்து பல ஆண்டுகள் சென்றபின் எழும் இந்தக் கேள்விகளை, கட்டுமுன்னே கேட்டவர்களும் நம் தேசத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டடைந்த விடைதான் மனிதக் கழிவைப் பத்திரமான உரமாக மாற்றும் சூழலியல் கழிப்பறை. அதைக் குறித்து நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது பிரயோஜனமாயிருக்கும்.

செப்டிக் டேங்க் செய்வதும் செய்யாததும்

செப்டிக் தொட்டி கழிவை முழுவதுமாக அழித்துவிடுகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது கழிவைப் பிரித்து வைக்கிறது. கனமானவை கசடாக அடியில் தங்குகின்றன. அதில் ஒரு பகுதி காற்றில்லாத நிலையில் மெதுவாகச் செரிக்கிறது. இடையிலுள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க் கிருமிகள் அதில் ஏராளம். ஆகவே அது தெருச் சாக்கடைக்குப் போகாமல், உறிஞ்சுகுழியின் வழியாக மண்ணில் இறங்கவேண்டும். அடியில் தங்கிய கசட்டை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றவேண்டும்.

நம் ஊர்களில் நடப்பதோ வேறு. செப்டிக் டேங்க் என்ற பெயரில் கட்டப்படும் பல தொட்டிகள் அளவிலும் அமைப்பிலும் குறைபாடுள்ளவை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் திறக்கப்படாமலே கிடந்து, நிறைந்து வழியும்போதுதான் வீட்டார் லாரியைத் தேடுகிறார்கள். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. போன இடத்தில் முறையான சுத்திகரிப்பு நிலையம் இல்லையென்றால் அது ஓடையிலோ, ஏரிக்கரையிலோ, தரிசு நிலத்திலோ கொட்டப்படுகிறது. நம் வீட்டைப் பொறுத்தமட்டில் பிரச்சினை தீர்ந்தது. ஊரைப் பொறுத்தமட்டில் அது இடம் மாறியிருக்கிறது.

நகரங்களின் நிலையும் பெரிதாக மெச்சத்தக்கதல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதில் உண்மையாகச் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர். அதாவது, பத்தில் மூன்று பங்குகூட இல்லை. நாம் விசையை அழுத்தியதும் கண்ணுக்கு மறைந்துபோவதில் பெரும்பகுதி, ஏதோ ஓர் ஆற்றிலோ கடலிலோ அப்படியே கலக்கிறது.

இறங்குகிறவர் யார்?

இதைக் காட்டிலும் வேதனையான காரியம் ஒன்று உண்டு. லாரி நுழைய முடியாத சந்திலும், கசடு இறுகிப்போன தொட்டியிலும் இன்றும் மனிதரை இறக்குகிறார்கள். மூடிய தொட்டிக்குள் ஐதரசன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் தங்கியிருக்கும். ஐதரசன் சல்பைடு அதிகமாக இருக்கும் இடத்தில் முகரும் உணர்வே மழுங்கிப்போவதால், இறங்கியவருக்கு ஆபத்து தெரிவதில்லை. அவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் மாண்டார்கள் என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி வாசிக்கிறோமே, அதன் காரணம் இதுதான்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-ம் ஆண்டில் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013-ம் ஆண்டில் நிறைவேறியது. தகுந்த பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி ஒருவரைச் செப்டிக் தொட்டிக்குள் இறக்குவது இச்சட்டப்படி குற்றம். இது நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரிய சட்டமல்ல. வீட்டுச் சொந்தக்காரரையும் கட்டுப்படுத்தும். முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாக்கடையில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தாலும் போன உயிர் திரும்புமா?

அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதிகளில் பிறந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நாம் கட்டும் வீட்டின் சுத்தம், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மூச்சையும் மானத்தையும் விலையாகக் கேட்குமானால், அதைச் சுத்தம் என்று எப்படிச் சொல்வது?

மண்ணுக்கு உரியது மண்ணுக்கு

வயலில் விளைந்த நெல்லும் பருப்பும் கீரையும் மண்ணிலிருந்து தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை எடுத்துக்கொண்டே நம் தட்டுக்கு வருகின்றன. வளர்ந்த மனிதருடைய உடலில் அவை ஏறக்குறைய அப்படியே வெளியேறிவிடுகின்றன. ஒருவர் ஓராண்டில் சுமார் 500 லிட்டர் சிறுநீரும் 50 கிலோ மலமும் கழிக்கிறார். தழைச்சத்தில் மிகப்பெரும் பங்கு இருப்பது சிறுநீரில்தான். நோய்க் கிருமிகளில் மிகப்பெரும் பங்கு இருப்பது மலத்தில். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் சூழலியல் கழிப்பறையின் சூத்திரம் முழுவதும் விளங்கிவிடும்.

நம் தேசத்து உணவுப் பழக்கத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்தபடி, ஒருவருடைய சிறுநீரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 11 கிலோவுக்கு மேல். 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதில் பாதிக்கும் அதிகம் இது. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா ஏறக்குறைய முற்றிலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. பாஸ்பேட் பாறையும் பெருமளவில் கப்பலில்தான் வருகிறது. இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்கி வயலில் இட்டு, பின்பு நல்ல தண்ணீரை ஊற்றி ஆற்றுக்கு அனுப்புகிறோம்.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இதில் ஒரு பழைய நினைவும் உண்டு. வனாந்தரப் பயணத்தில் பாளயத்துக்குப் புறம்பே ஓர் இடம் இருக்கவேண்டும், அங்கே மண்ணைத் தோண்டிக் கழிவை மூடிவிடவேண்டும் என்ற ஒழுங்கை உபாகமம் 23-ம் அதிகாரத்தில் காண்கிறோம். இடம் விட்டு இடம் பெயர்ந்துகொண்டிருந்த ஜனத்துக்கு அது போதுமானதாயிருந்தது. நிலையாகக் குடியிருந்து, அதே மண்ணில் கிணறு வெட்டி, அதே மண்ணில் பயிரும் செய்கிற ஊருக்கு மூடினால் மட்டும் போதாது. மூடியபின் காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டு அறைகள் வந்த விதம்

மனிதக் கழிவை வயலுக்கு இடும் வழக்கம் சீனா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் வெகு காலமாக இருந்தது. நம் தேசத்தில் லடாக் பகுதியிலும், வீட்டின் மேல்தளத்தில் கழித்து, மண் தூவி, கீழறையில் மக்கவிட்டு வயலுக்கு எடுத்துச்செல்லும் முறை உண்டு. ஆனால் மக்காத கழிவை அப்படியே நெல்வயலில் இட்ட இடங்களில், உழவருடைய பிள்ளைகளின் வயிற்றில் புழுக்கள் பெருகின. இதைத் தடுக்கவே 1950-களில் வட வியட்நாமில் இரட்டை அறைக் கழிப்பறையைச் சுகாதார இயக்கமாகப் பரப்பினார்கள். ஓர் அறையைப் பயன்படுத்தும்போது மற்றொன்று மூடியிருக்கும். அதில் உள்ளது உலர்ந்து மக்கும்வரை யாரும் தொடுவதில்லை. சிறுநீர் தனியே பிரிந்து போகும்.

இம்முறை நம்மிடம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அந்தத் தண்ணீர் அறைக்குள் விழுந்தால் கழிவு உலராது. நாற்றமும் புழுவும் உண்டாகும். 1990-களில் கேரளத்தின் திருவனந்தபுரம் கடலோரக் கிராமங்களில் பணி செய்த பால் கால்வர்ட் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். மலம் விழ ஒரு துளை, சிறுநீர் செல்ல ஒரு வழி, கழுவும் தண்ணீருக்குத் தனியாக இன்னொரு வழி. கழுவிய நீர் பக்கத்திலுள்ள செடிப் பாத்திக்குப் போய்விடும். தோண்டினால் சில அடிகளிலேயே தண்ணீர் ஊறும் அந்தக் கடலோர மணலில் குழி தோண்ட வழியில்லை. தரைக்கு மேலே கட்டப்பட்ட இந்த அறை கிணற்று நீரைக் கெடுக்கவில்லை.

முசிறி காட்டிய வழி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், குளித்தலைக்கு எதிர்க்கரையில் காவிரியின் வடபுறமாக அமைந்த ஊர் முசிறி. திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனமும் அதை நடத்திய சுப்புராமனும் இப்பகுதியில் 2000-ம் ஆண்டை ஒட்டிச் சூழலியல் கழிப்பறைகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஆற்றோரமாதலால் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். அத்தகைய நிலத்தில் குழிக் கழிப்பறை கட்டினால் குடிநீர் கெடும். காளியப்பாளையம் போன்ற கிராமங்களில் வீட்டுக்கு வீடு இக்கழிப்பறைகள் எழும்பின.

இதன் அமைப்பு எளிது. தரைமட்டத்துக்கு மேல் அருகருகே இரண்டு சிறு அறைகள். அவற்றின்மேல் கழிப்பறை. ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியபின் ஒரு கைப்பிடி சாம்பலோ, சுண்ணாம்பு கலந்த உலர்ந்த மண்ணோ தூவி மூடவேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். நாற்றத்தை அடக்கும். அதன் காரத்தன்மை கிருமிகளை அழிக்கும். ஓர் அறை நிறைந்ததும் அதன் துளையை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்கள். நெடுநாள் கழித்து முதல் அறையின் பின்கதவைத் திறந்தால், மண்ணோடு மண்ணாக உதிரும் மக்கு கிடைக்கும்.

அப்போது பேரூராட்சியாக இருந்த முசிறியின் சாலியர் தெருவில் 2006-ல் ஒரு பொதுச் சூழலியல் கழிப்பறையும் திறக்கப்பட்டது. பொதுக் கழிப்பறையில் நாம் காசு கொடுப்பதுதான் வழக்கம். அங்கேயோ 2008-ம் ஆண்டில், பயன்படுத்துகிறவருக்கு முறைக்கு 10 பைசா கொடுத்தார்கள்! தொகை அற்பமானதுதான். ஆயினும் அது சொன்ன செய்தி பெரியது. கழிவுக்கு விலை உண்டு, அதைக் கொடுக்கிறவர் விவசாயத்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார் என்பதே அந்தச் செய்தி. சேகரித்த சிறுநீரைப் பயிருக்கு இட்டுப் பார்க்கும் சோதனைகளும் நடைபெற்றன. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் வாழை, மக்காச்சோளம் ஆகிய பயிர்களில் இத்தகைய சோதனைகளைச் செய்து, சிறுநீர் உரமாகப் பயன்படும் என்று எழுதினார்கள். சுப்புராமனின் துப்புரவுப் பணியைப் பாராட்டி மத்திய அரசு 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும்?

"இதை இட்டு விளைந்த காயைச் சாப்பிடலாமா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. இதற்கு விடை, எவ்வளவு காலம் பொறுத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது.

கிருமிகளில் பல, உடலுக்கு வெளியே சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்துபோகும். உருளைப்புழுவின் முட்டையோ எளிதில் சாகாது. அதை மனதில் வைத்தே உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் ஊர்களைப்போல 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில், புதிய கழிவு எதையும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கவேண்டும். குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். நன்றாக உலர்ந்து, வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் என்று காலம் குறையலாம். ஆனால் வீட்டில் அதையெல்லாம் அளந்து பார்க்க இயலாதாகையால், ஓராண்டுக்குக் குறையாமல் காத்திருப்பதே உத்தமம்.

அதன்பின்னும் சில ஒழுங்குகள் உண்டு. மக்கை மேலாகத் தூவாமல் மண்ணுக்குள் புதைக்கவேண்டும். தென்னை, வாழை, மா போன்ற மரங்களுக்கு இடுவது சாலச் சிறந்தது. பச்சையாக உண்ணும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி முதலியவற்றுக்குத் தவிர்ப்பது நல்லது. எடுக்கும்போது கையுறையும் காலணியும் அணிந்து, பின்பு சோப்பினால் கைகழுவவேண்டும். சிறுநீரை மூடிய கேனில் வைத்திருந்து, ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரருகே மண்ணில் ஊற்றவேண்டும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடவேண்டும். பல வீடுகளிலிருந்து சேகரித்ததாயின் ஆறு மாதம் வைத்திருந்து பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு காரியம் உண்டு. 2013-ம் ஆண்டின் சட்டமும், கழிவு முழுவதுமாக மக்குவதற்கு முன்னே அதை ஒருவர் கையாள நேர்கிறதா என்றுதான் கேட்கிறது. மருத்துவர் இழுக்கும் கோடும் அதே இடத்தில்தான். மக்குமுன் தொட்டால் அது நோய். அதை இன்னொருவரைக் கொண்டு தொடச் செய்தால் அது குற்றமும் அவமானமும். மக்கியபின் அது வெறும் மண். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

அவர் அள்ளிக் காட்டினார்

சாம்பல் தூவும் பழக்கம் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கும் பஞ்சமாகிவிட்டது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இரு குழிக் கழிப்பறை ஏற்றது. 1970-ல் சுலப் நிறுவனத்தைத் தொடங்கி, 2023-ல் மறைந்த டாக்டர் பிந்தேஷ்வர் பாடக் இம்முறையை நாடெங்கும் பரப்பினார். தண்ணீர் ஊற்றும் சாதாரணக் கழிப்பறைதான். சரிவு அதிகமுள்ள கிராமப்புறக் கோப்பையைப் பதித்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரே போதும். பின்புறத்தில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய இரண்டு குழிகள். ஒரு குழி சுமார் மூன்று ஆண்டுகள் தாங்கும்படி அளவு கணக்கிடப்படும். அது நிறைந்ததும் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாவது குழி நிறையுமுன் முதலாவது மக்கி உரமாகிவிடும்.

2017 பிப்ரவரியில், மத்திய அரசின் குடிநீர் மற்றும் துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் அத்தகைய குழி ஒன்றில் தாமே இறங்கி, மக்கிய உரத்தை அள்ளி வெளியேற்றினார். பல மாநில அதிகாரிகளும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். குழியைக் காலி செய்வது குறிப்பிட்ட ஒரு சாதியாரின் வேலை என்ற எண்ணத்தை உடைக்கவே அவ்வாறு செய்தார்கள். செப்டிக் தொட்டியில் இறங்கியவர் பிணமாக ஏறுகிற தேசத்தில், ஓர் உயர் அதிகாரி கழிப்பறைக் குழியில் இறங்கிச் சுகமாக ஏறினார் என்றால், வேறுபாடு குழியின் அமைப்பில் இருக்கிறது.

அடுக்குமாடியில் முடியுமா?

நகரத்துக் குடியிருப்பில் வாழும் நமக்கு இயல்பாகவே இக்கேள்வி எழும். உண்மையைச் சொன்னால், அது கடினம். சீனாவின் உள்மங்கோலியாவில் உள்ள எர்டோஸ் நகரில், சுவீடன் நாட்டின் ஒத்துழைப்போடு, 800-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளில் தண்ணீரில்லாக் கழிப்பறைகளை அமைத்தார்கள். நாற்றமும் பராமரிப்புச் சிக்கல்களும் தீரவில்லை. 2009-ல் அவற்றை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கழிப்பறைகளைப் பொருத்தினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சூழ்ந்த பகுதிகளில், 2000-ம் ஆண்டில் காலரா பரவியதைத் தொடர்ந்து, சிறுநீர் பிரிக்கும் கழிப்பறைகள் 75,000-க்கும் மேல் கட்டப்பட்டன. நோயைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் அறையைக் காலி செய்யும் பொறுப்பைப் பல குடும்பத்தார் விரும்பவில்லை. பின்னர் நகராட்சியே அப்பொறுப்பை ஏற்கவேண்டியதாயிற்று. கருவி எவ்வளவு நன்றாயிருந்தாலும், அதைப் பயன்படுத்தும் வீட்டார் மனமுவந்து ஏற்காவிட்டால் அது நிலைநிற்பதில்லை.

நகரத்துக்கு ஏற்ற வழி, பல வீடுகளின் கசட்டை ஓரிடத்தில் சேர்த்து முறையாக உரமாக்குவதே. பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015-ல் அத்தகைய கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. லாரிகள் கொண்டுவரும் கசட்டை அங்கே செரிக்கவைத்து, உலர்த்தி, ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து உரமாக்கினார்கள். தமிழ்நாட்டில் கருங்குழியிலும் ஒரு நிலையம் 2017-ல் ஏற்பட்டது. உங்கள் குடியிருப்புச் சங்கம் லாரியை அழைக்கும்போது, "இது எந்த நிலையத்துக்குப் போகிறது?" என்று கேட்பதும் ஒரு நற்பணியே.

வீடு கட்டுமுன் கவனிக்கவேண்டியவை

ஊரில் கட்டும் வீட்டுக்கு எது ஏற்றது என்பதை நிலமே தீர்மானிக்கும்.

1. மழைக்காலத்தில் கிணற்று நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று ஊரிலுள்ள பெரியவர்களிடம் விசாரியுங்கள். நீர் மேலாக நிற்கும் இடத்திலும் பாறை நிலத்திலும் தரைக்கு மேல் கட்டும் இரட்டை அறை நல்லது. நீர் ஆழத்தில் இருக்கும் மண்பாங்கான நிலத்துக்கு இரு குழி முறை போதும்.

2. இரு குழிகளுக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டரும், குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 10 மீட்டரும் இருக்கட்டும். மணல் நிலமானால் இன்னும் விலகியிருக்கட்டும்.

3. "ஒரு குழியை இப்போது கட்டுவோம், இன்னொன்றைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று கொத்தனார் சொன்னால் இணங்கவேண்டாம். ஒரே குழி என்றால் காத்திருக்க வழியில்லை. குழியின் அடியில் சிமெண்டு பூசவும் விடாதீர்கள். நீர் மண்ணில் இறங்கவேண்டும்.

4. குளியலறைத் தண்ணீரை இவற்றுக்குள் விடாதீர்கள். ஆசிட், பினாயில் முதலியவற்றை ஊற்றாதீர்கள். அவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சானிட்டரி நாப்கின், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகலாகாது.

5. இரட்டை அறை கட்டினால் சாம்பல், மரத்தூள், சுண்ணாம்பு கலந்த உலர்மண் இவற்றில் ஏதாவது ஒன்று ஆண்டு முழுவதும் கிடைக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். கழுவுவதற்குச் சற்று நகர்ந்து அமரவேண்டியிருப்பதால், முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்குக் கைப்பிடி பொருத்துங்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

6. ஓர் அறையை அல்லது குழியை மூடிய தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். ஓராண்டு நிறையுமுன் அதைத் திறக்கவேண்டாம்.

7. ஏற்கனவே செப்டிக் தொட்டி கட்டியிருந்தால் கலங்கவேண்டாம். அது நிறைந்து வழியும்வரை காத்திராமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை வரவழைத்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். எக்காரணத்தைக் கொண்டும் உள்ளே ஆளை இறக்கவிடாதீர்கள். "நான் இறங்கிவிடுகிறேன் அண்ணா, ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று அவரே கேட்டாலும் விடாதீர்கள். லாரிகளில் வரும் மக்காத கசட்டை அப்படியே உங்கள் வயலில் கொட்டவும் அனுமதிக்காதீர்கள். அது உரமல்ல, அதற்கு இன்னும் காலம் வரவில்லை.

இந்தக் காரியங்களை வீட்டில் பேசுவதற்கு நமக்குக் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தினால்தான் கழிப்பறையின் முடிவு யாரோ ஒருவர் தலையில் போய் விழுகிறது. மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, கதவுக்கும் ஜன்னலுக்கும் கணக்குக் கேட்பதுபோல, "குழி எத்தனை? கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?" என்றும் தகப்பனாரிடம் கேளுங்கள். இரண்டாவது குழிக்கு ஆகும் செலவு, தரையில் பதிக்கும் ஓட்டின் செலவைப் பார்க்கிலும் பெரிதல்ல. அந்தக் குழி இருந்தால், நாளை உங்கள் வீட்டுக் கழிவை எடுக்க எந்த மனிதனும் தன் உயிரைப் பணயம் வைத்து இறங்கவேண்டியதில்லை. முற்றத்துத் தென்னையும் அதன் பலனைக் கொடுக்கும்.